இருநூற்று நாற்பத்தொன்றாவது டிரே

பாலக்கரை, திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

என் தங்க மகள் சம்ரீனுக்கு அம்மா ஹாஜிரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஷஹனாஸும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். கையால் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆகிறது, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. தினமும் வீடியோவில் பார்க்கிறோமே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அத்தா பக்கத்திலேயே இருக்கிறார். என் மெயில் கம்பெனி மெயில், அதை மாமாவின் ஆபீசில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். போன மாதம் உன்னிடம் "ஒண்ணுமில்லைம்மா, தலைவலி" என்று சொன்னேனே, அது பொய். ஒரு மாதமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன்.

உன் கலீம் மாமாவின் வாழைப்பழ வியாபாரம் உனக்குத் தெரியும். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் பழம் பழுக்கவைக்கும் சேம்பர் இப்போது ஆறு ஆகிவிட்டது. தொட்டியத்திலிருந்தும் லாலாப்பேட்டையிலிருந்தும் வரும் காயைச் சீப்புச் சீப்பாக டிரேயில் அடுக்கி உள்ளே வைத்துக் கதவை மூடி எத்திலீன் வாயு விட்டால் மூன்று நான்கு நாளில் ஒரே நிறமாகப் பழுத்துவிடும். எந்த டிரே எந்த அறையில் இருக்கிறது, வாசலில் கார்டு வைத்து யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள், எப்போது கதவு பூட்டிக்கொள்ள வேண்டும், எப்போது வாயு விட வேண்டும், எல்லாம் நான் எழுதிய புரோகிராம்தான் பார்த்துக்கொள்கிறது. நீ எட்டாவது படிக்கும்போது எழுதியது. அன்றிலிருந்து அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உன் பிரசவத்துக்கு நான் வர முடியாமல் போனதற்கு விசா என்று உன்னிடம் சொன்னோம். விசா கிடைத்துவிட்டது சம்ரீன். "நீ ரெண்டு மாசம் போயிட்டா இத யாரு பாப்பா" என்று மாமா கேட்டார், டிக்கெட் போடாமல் விட்டுவிட்டோம். அவர் வீட்டு மாடியில் இருந்துகொண்டு என்ன பேசுவது. அத்தோடு, பெண் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் படிப்பு எதற்கு என்று கேட்ட என் அத்தாவிடம், உன் நன்னாவிடம், சண்டை போட்டு என்னைக் காலேஜில் சேர்த்ததே அண்ணன்தான். அந்தப் படிப்பே என்னை ஷெட்டின் ஏசி ரூமில் கட்டிப்போடும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நீ நர்ஸ், இந்த விஷயம் உனக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். அந்தப் புரோகிராமில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வரிசை உண்டு, அதற்கு லிங்க்டு லிஸ்ட் என்று பெயர். அந்த வரிசையில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் தனக்கு அடுத்தது எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். முதலாவதைப் பிடித்து ஒவ்வொன்றாகத்தான் கடைசி வரை போக முடியும், நடுவில் குதிக்க முடியாது. அந்த வரிசையை நான் எழுதியபோது, அதில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று எழுதிவிட்டேன். டிரேயையும் போடலாம், ஆளையும் போடலாம். வெளியே எடுக்கும்போது நான் இது டிரே என்று சொன்னால் கம்ப்யூட்டர் அதை டிரே என்று எடுத்துக்கொள்ளும், எதிர்த்துக் கேட்காது. அப்போது அது எனக்கு வசதியாக இருந்தது, ஒரே வரிசையில் இரண்டையும் வைத்துவிட்டேன். இது தப்பு என்பது சில வருஷத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு வரிசை, டிரேக்கு ஒரு வரிசை, ஒன்றில் மற்றதைப் போட்டால் புரோகிராமைத் தயார் செய்யும்போதே கம்பைலர் மறுத்துவிட வேண்டும், அப்படி மாற்றி எழுதுகிறேன் என்று மாமாவிடம் இரண்டு தடவை கேட்டேன். அதற்கு இரண்டு வாரம் சேம்பரை நிறுத்த வேண்டியிருக்கும். "நல்லாத்தான ஓடுது ஹாஜிரா, அதுல கை வைக்காத" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

முன்பெல்லாம் பட்டனை அழுத்தினால் முதலில் உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று தேடிவிட்டு, பிறகுதான் டிரேக்களை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டும். இரண்டு மூன்று பட்டன் அழுத்த வேண்டியிருக்கிறது, எல்லாம் ஒரே பட்டனில் நடக்க வேண்டும் என்று ரமலானுக்கு முன்னால் மாமா அவசரப்படுத்தினார். மாற்றிக் கொடுத்தேன். அந்த அவசரத்தில் அந்த இரண்டு வேலையும் முன்பின்னாகிவிட்டது. வரிசையில் இருக்கும் எல்லாவற்றையும் டிரே என்று எடுத்துக்கொண்ட பிறகு ஆளைத் தேடினால் யார் கிடைப்பார்கள். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு மாதமும் யாரும் உள்ளே நிற்கவில்லை.

அன்று வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். சுபலட்சுமி என்று ஒருவர், ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர், ஐந்து வருஷமாக டிரே அடுக்குகிற வேலை. நாலாம் நம்பர் சேம்பரில் கடைசி அடுக்குக்குப் பின்னால் சிந்திக் கிடந்த காயைப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே இருந்த சூப்பர்வைசர் கதவைச் சாத்திப் பட்டனை அழுத்தினார், ஆட்கள் யாரும் இல்லை என்று திரை காட்டியது, கதவு பூட்டிக்கொண்டு வாயுவும் வர ஆரம்பித்துவிட்டது. உள்ளே விசிறி ஓடும் சத்தத்தில், அந்தக் கனமான கதவுக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்காது. உள்ளிருந்து திறக்க ஒரு கைப்பிடி இருக்கிறது, அதற்கு முன்னாலேயே ஆள் உயரத்துக்கு டிரே அடுக்கியிருந்தார்கள். இடம் போதவில்லை என்று மாமாதான் அடுக்கச் சொன்னது.

நான் ஆபீஸ் ரூமில் லாரிச் சீட்டையும் திரையையும் ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் சேம்பருக்குச் சீட்டில் இருநூற்று நாற்பது டிரே, திரையில் இருநூற்று நாற்பத்தொன்று. ஏதோ ஒரு டிரேக்கு ஸ்டிக்கர் இரண்டு தடவை ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்து டீ குடித்தேன். சம்ரீன், நான் உட்கார்ந்து டீ குடித்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. குடித்து முடித்துவிட்டு எது இரட்டை என்று பார்க்க அந்த வரிசையை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனேன். பதினெட்டு கிலோ, பதினேழரை கிலோ, பதினெட்டு கிலோ. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டிரேயின் எடை பத்து இலக்கத்தில் இருந்தது. இது என்ன எடை என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பிறகுதான் அது போன் நம்பர் மாதிரி இருப்பது உறைத்தது. டிரேயின் பதிவில் எடை எழுதும் இடமும் ஆளின் பதிவில் போன் நம்பர் எழுதும் இடமும் ஒன்றுதான். அந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஷெட்டுச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்த ஒரு பைக்குள்ளிருந்து மணி அடித்தது. பை இங்கே இருக்கிறது, அப்படியென்றால் ஆள் வீட்டுக்குப் போகவில்லை, சேம்பருக்குள்தான்.

நான் ஓடிய ஓட்டம் எனக்கே தெரியாது. மெயினை அணைத்தால் கதவின் காந்தப் பூட்டு விட்டுவிடும், அணைத்தேன். லோடு ஏற்றுகிறவர்கள் நாலு பேர் டிரேக்களை இழுத்துத் தள்ளினார்கள். சுபலட்சுமி கைப்பிடி இருக்கும் பக்கம் வர முயற்சி செய்திருக்கிறார், நகமெல்லாம் கிழிந்து ரத்தம், சுவரோரம் சுருண்டு கிடந்தார். ஏற்கெனவே வீசிங் உள்ள உடம்பு. நாற்பது நிமிஷம் உள்ளே இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று சொன்னார்கள். அல்லாஹ் காப்பாற்றினான், நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உன் மாமா அன்று சாயங்காலம் வரை சாப்பிடாமல் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்றார், அதையும் சொல்ல வேண்டும், அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை.

ஆனால் அரசாங்கத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் மாறிவிட்டார். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அந்தப் பொம்பள உள்ள போறப்ப கார்டு வைக்கலன்னு ஒரு வரி எழுதிக் குடு, கம்ப்யூட்டர்ல இருக்கிறத நீ பாத்துக்க, அது போதும்" என்றார். கார்டு வைத்திருக்கிறார் அண்ணே, வைத்ததால்தான் வரிசையில் இருந்தார் என்றேன். "அது உனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து உன் அத்தாவிடம் சொன்னால், "ருக்ஸார் அவங்க வீட்ல வாழுற புள்ள, அத நெனச்சுக்க" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். உன் தங்கையை மாமாவின் மகன் ஆசாத்துக்குக் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, கீழே மாமா வீட்டிலேயே இருக்கிறாள், வயிற்றில் ஐந்து மாதம் வேறு. மூன்று நாள் நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்கள் வீட்டு ஆளே நின்றார்கள். அந்த ஒரு வரியை எழுதியும் பார்த்தேன். உன்னிடம் மறைக்கவில்லை. டைப் அடித்து, படித்துப் பார்த்து, அழித்தேன், மறுபடி அடித்தேன்.

நாலாம் நாள் டைலரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். அம்மாமண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் வீடு. அவர் வீட்டுக்காரர் ரங்கசாமி என்னைப் பார்த்ததும் உட்காருங்க என்றுகூடச் சொல்லவில்லை, அது சரிதான். சுபலட்சுமிதான் நாற்காலி எடுத்துப் போட்டார், கையில் கட்டு. வீட்டில் ஒரு கதவுகூடச் சாத்தியிருக்கவில்லை, பாத்ரூமுக்குப் போனாலும் கதவைச் சாத்தாமல் சேலையைத் தொங்கவிடுவதாகச் சொன்னார். பிறகு மெதுவாக, "உங்க ஆளுங்க வந்து நான் கார்டு வைக்கலன்னு சொல்லிட்டுப் போனாங்கம்மா. தெனமும் வைக்கிறதுதான். அன்னிக்கு வச்சனான்னு இப்ப எனக்கே சந்தேகமாப் போச்சு. என் தப்புலதான் மாட்டிக்கிட்டேனோன்னு இருக்கு" என்றார். நான், "நீங்க வச்சீங்க. பத்து இருபத்தெட்டுக்கு வச்சீங்க. நான் என் கண்ணால பாத்தேன். தப்பு என்னுது" என்றேன். அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை, ரங்கசாமியைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா" என்று மட்டும் கேட்டார். அந்த வீட்டிலும் அவரை யாரும் நம்பவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

திரும்பி வந்து நடந்ததை நடந்தபடி நாலு பக்கம் எழுதினேன், என் பிழை, கைப்பிடியை மறைத்து அடுக்கியது, எல்லாம். கார்டு வைத்த நேரத்தையும் அந்த வரிசையையும் பிரிண்ட் எடுத்து அதோடு வைத்தேன். ஆய்வாளர் மகாலட்சுமி என்று ஒரு அம்மாள். போன செவ்வாய்க்கிழமை விசாரணையில் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க எழுதுன புரோகிராம் தப்புன்னு நீங்களே எழுதிக் குடுக்கிறீங்களா" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். மாமா எனக்கு எதிர் நாற்காலியில் இருந்தார், தலை தூக்கவில்லை. வெளியே வந்தால் வராந்தா பெஞ்சில் உன் அத்தா உட்கார்ந்திருக்கிறார், ஜும்ஆவுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. வருகிறேன் என்று என்னிடம் சொல்லவே இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார், ஒரே ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம்.

சுபலட்சுமி மேல் தப்பு இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. சிகிச்சை மொத்தமும் நிர்வாகத்தின் பொறுப்பு என்றும், புரோகிராமைத் திருத்திக் காட்டி, கைப்பிடி வழியைக் காலி செய்யும் வரை ஆறு சேம்பரும் மூடியிருக்க வேண்டும் என்றும் உத்தரவு. திருத்துவதற்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள். ஆகவே அதே ரூமுக்கு, பேசாத அண்ணனுக்கு எதிரே, தினமும் போய் வருகிறேன். வரிசையின் கிளாஸை டெம்ப்ளேட்டாக, எதற்காகச் செய்ததோ அதை மட்டும் ஏற்கிற அச்சாக, மாற்றிவிட்டேன், இனி ஆட்கள் வரிசையில் ஆள் மட்டும்தான் சேர முடியும். முதல் தடவை கம்பைல் செய்தபோது அறுபத்து மூன்று பிழை காட்டியது. அறுபத்து மூன்று இடத்தில் நான் ஆளையும் டிரேயையும் கலந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வருகிறேன், இன்னும் பதினொன்று பாக்கி. இதையும் முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடலாமா என்று மனசு கேட்கிறது. வந்தால் இந்த மாடி இருக்காது, உன் அத்தாவுக்கும் மாமா கொடுத்த மார்க்கெட் வேலை இருக்காது. அதனால் இப்போதைக்கு அதை யோசிக்காமல் இருக்கிறேன்.

நீ டிக்கெட் போட்டு ஓடி வராதே, மாமாவுக்குப் போன் போட்டுச் சண்டையும் பிடிக்காதே. டியூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுக்காதே. ஷஹனாஸுக்குத் தமிழில் பேசு, அந்த ஊர்ப் பேச்சு அவளுக்குத் தானாக வந்துவிடும். இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசுவதென்றால் வெள்ளிக்கிழமை அத்தா பள்ளிவாசலுக்குப் போகும் நேரத்தில் கூப்பிடு. அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளையும் நிம்மதியையும் தருவானாக, ஆமீன்.

இன்னொன்று, இதை மறந்துவிடாதே. விசாரணை நடந்த அன்று சாயங்காலமே மாடிப்படிக் கதவைக் கீழிருந்து பூட்டிவிட்டார்கள். நாங்கள் வெளிப்படி வழியாகப் போய் வருகிறோம், ருக்ஸாரை மேலே வர விடுவதில்லை, என் போனையும் அவள் எடுப்பதில்லை. காலையில் அவள் வாந்தி எடுக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. நீ கூப்பிட்டால் எடுப்பாள். என்னைப் பற்றி நல்லதாகவும் சொல்லாதே, கெட்டதாகவும் சொல்லாதே. சாப்பிட்டாளா, கால் வீங்குகிறதா, டாக்டரிடம் யார் கூட்டிப்போகிறார்கள் என்று மட்டும் கேட்டு எனக்கு எழுது. பதினேழு படி கீழே இருக்கிற பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று நீ அங்கிருந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

உன் அன்பு அம்மா,
ஹாஜிரா