கை நீட்டியவர்

என்னங்க,

உங்கள் அக்கா வீட்டில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போனில் வேலை, வெயில் என்று எதையாவது பேசி வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

இன்று ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு தப்பு செய்தேன். ஊசியை உருவும் முன் கையில் கட்டிய ரப்பர் பட்டையை அவிழ்க்க வேண்டும். பதினோரு வருடப் பழக்கம், மறந்துவிட்டேன். சோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்த ஓர் அம்மாவின் கையெல்லாம் ரத்தம். அவருடைய சின்ன மகள் பக்கத்தில் நின்றாள், நம் பாப்பாவைப் போல இரட்டைச் சடையோடு.

திட்டுவார் என்று நினைத்தேன். பஞ்சை அவரே அழுத்திக்கொண்டு, "போகுது விடு, இன்னொரு கை இருக்கு. உனக்கு என்னம்மா ஆச்சு?" என்றார்.

பாப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது என்று சொல்லிவிட்டேன். நாம் இருவரும் பேசிக்கொள்ளாததை, முன்பின் தெரியாத ஒருவரிடம்.

இன்னொரு குழாய் ரத்தம் தேவைப்பட்டது. நான் செய்த தப்பைப் பார்த்த பிறகும் மறு கையை நீட்டினார். "இந்தத் தடவ அவுத்துட்டு எடு" என்று சொல்லிக் கண்களை மூடிக்கொண்டார்.

சாமி படத்தின் பக்கமே திரும்பாதவள் நான். நம்பிக்கை என்றால் அந்தக் கைதான் என்று தோன்றியது. மாலை வரை எல்லோரிடமும், "கொஞ்சம் வலிக்கும், பக்கத்துலயே இருக்கேன்" என்றேன். கொடுக்காமல் பையிலேயே வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ஆனால் வீட்டில் உட்கார முடியவில்லை. அறைக்கு அறை நடக்கிறேன். பாப்பாவின் பள்ளிப்பைக்குள் கடைசி நாள் சாப்பாட்டு டப்பா அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நான் தனியாகத் திறக்க மாட்டேன்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா