பதிதன் கேட்கும் பூசை

போதுமான காலம் வாய் மூடி இருந்துவிட்டேன். இனி எழுதுகிறேன். நீர் இதை வாசிக்கப்போவதில்லை. செத்தவர்களோடு பேசுவது வேதத்துக்கு விரோதம் என்று உம்மோடு வாதாடியவனும் நான்தான். ஆனாலும் இன்று மாலை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது, மயானப் பக்கமிருந்து மெழுகுதிரி வாசனை வந்தது. மழையில் அணைந்து, மறுபடி ஏற்றிய திரிகளின் கருகல் வாசனை. உங்கள் கத்தோலிக்கர் செத்தவர்களுக்காக வேண்டுகிற சகல ஆத்துமாக்களின் திருநாள்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஏறக்குறைய எல்லாக் கல்லறைகளிலும் வெளிச்சம். உம்முடையதில் இல்லை. உம் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருச்சிப் பக்கம் போய்விட்டார். இங்கேயே பிறந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலங்கையில் பிரஜாவுரிமை இல்லை; இருந்து என்ன செய்வது? உமக்கென்று ஒரு திரி ஏற்றப் பதுளையில் இப்போது ஒருவரும் இல்லை.

சுதந்திரம் கிடைத்த வருடம் நான் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். நீர் தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் உமது பூசையும் எனது ஆராதனையும் முடிந்த பிறகு, உம்முடைய ரயில் புறப்படும்வரை ஸ்டேஷனுக்கு எதிரேயிருந்த தேநீர்க் கடையில் உட்காருவோம். "வாங்க பதிதரே" என்றுதான் நீர் என்னை வரவேற்பீர். புரொட்டஸ்தாந்தரான எங்களை, வேதத்தை விட்டு விலகினவர்கள் என்று உங்கள் சாமியார் திட்டுகிற சொல் அது. உம் வாயில் அது செல்லப் பெயர்போல வரும்.

மாதாவைப் பற்றி, பாப்பரசரைப் பற்றி, விசுவாசம் மட்டும் போதுமா என்பதைப் பற்றியெல்லாம் சண்டை பிடித்தோம். எதில் தொடங்கினாலும், செத்தவர்களின் ஆத்துமா நெருப்பில் வெந்து சுத்தமாகும் என்று நீங்கள் சொல்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில்தான் வந்து முடியும். இறந்த போர்வீரருக்காகப் பலி ஒப்புக்கொடுத்த செய்தி இருக்கிற புத்தகமொன்றை உங்கள் வேதாகமத்திலிருந்து நீர் எடுத்துக் காட்டுவீர். அது எங்கள் வேதாகமத்தில் இல்லை என்பேன்.

"இருந்துச்சு மாஸ்டர். வெட்டுனது யாருன்னு சொல்லுங்க."

"ஒட்டினது ஆர் எண்டு முதல்ல நீர் சொல்லும்."

நீர் மேசையில் தட்டுவீர். தேநீர் சிந்தும். கடைக்காரர் ஒரு முருக பக்தர்; துணியோடு வருவார். "ரெண்டு பேருக்கும் ஒரே சாமிதானேங்க? அவரு பேசாமத்தான் இருக்காரு. என் மேசைய ஏன் ஒடைக்கிறீங்க?"

அந்த நாட்களை இனிமையானவை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு வந்தவை அவற்றையும் கசப்பாக்கிவிட்டன.

என் மனைவி நெருப்புக்காய்ச்சலில் போனாள். எங்கள் கோவிலில் நடந்த அடக்க ஆராதனைக்கு நீர் உள்ளே வரவில்லை. பதிதரின் ஜெபத்தில் பங்குகொள்வது பாவம் என்று உங்கள் சாமியார் தடுத்திருந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றீர். அவளுடைய கையால் எத்தனை தரம் சாப்பிட்டிருப்பீர். அன்று உம்மை நான் மன்னித்தேனா என்று கேட்டால், இல்லை.

சில வாரம் கழித்து, அவளுக்காக நீர் பூசை வைத்த செய்தி வெளியே வந்தது. வெளியில் தெரியாமல், பெயர் வாசிக்காமல் வைத்த பூசை. உங்கள் உபதேசியார்தான் பெருமையாக யாரிடமோ சொல்லியிருக்கிறார். அது எங்கள் சபைக் கமிட்டிக்குப் போயிற்று. போதகர்தான் பள்ளிக்கூட மனேஜரும். என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள்: "உம்முடைய மனைவிக்குப் பூசை வைப்பிச்சீராமே?" நான் வைக்கவில்லை என்றேன். அப்படியானால் வைத்தவர் செய்தது அஞ்ஞானம் என்று சபைக்கு முன்னால் எழுந்து சொல்லும் என்றார்கள். உம்மை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தலைமை ஆசிரியர் நான்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த வருடம் என்னைவிட இளையவர் ஒருவரை அந்த நாற்காலியில் இருத்தினார்கள். இன்றும் விடுமுறை வேண்டுமென்றால் அவர் முன்னால்தான் நிற்கிறேன். இதொன்றும் உமக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

நான் உம்மிடம் கேட்டது வேறு. அடுத்த ஞாயிறு கடையில் உட்காராமல், நின்றபடியே கேட்டேன்.

"என்ர மனிசி எங்க கிடந்து வேகிறா எண்டு நினைச்சு பூசை வைச்சனீர்?"

அன்று நீர் மேசையில் தட்டவில்லை.

"எங்க இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் மாஸ்டர்? தெரியாததாலதான் வச்சேன்."

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. பிறகு சில ஞாயிறுகளில் ரயில் பெட்டியிலிருந்து கையை உயர்த்தினீர். நான் பார்க்காத மாதிரிப் போனேன். அதன் பிறகு உம் சாவுச் செய்திதான் வந்தது. என்னைக் கேட்காமல் என் வீட்டுத் துக்கத்தில் கை வைத்தீர். அது சரியென்று இப்போதும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் நான் களைத்துவிட்டேன். போதகர் பிரசங்கத்தில் பரலோகத்தைத் தன் வீட்டு வளவைப்போல எல்லை போட்டுக் காட்டுகிறார். உங்கள் சாமியாரும் அப்படித்தானாம். எல்லாம் தெரிந்தவர்கள் நடுவில் இருந்து இருந்து, எனக்குத் தெரியும் என்று சொல்வதற்கே அலுப்பாக இருக்கிறது. தெரியாது என்று என்னிடம் சொன்ன ஒரே கிறிஸ்தவன் நீர்தான். உம்மைப் பற்றி எவ்வளவு குறை சொன்னாலும், அந்த ஒரு வார்த்தையை மட்டும் கீழே வைக்க முடியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.

மெழுகுதிரி ஏற்ற நான் வரமாட்டேன். வேலிக்குள் கால் வைத்தால் நாளைக்கே கமிட்டி கூடும். ஆகவே இந்த மடலை உங்கள் சாமியாருக்கு அனுப்பப்போகிறேன். உம்மை வாசலில் நிறுத்தியவரே இதைப் பிரித்து வாசிக்கட்டும். வாசித்துவிட்டு உமக்கு ஒரு பூசை வைக்கட்டும். காணிக்கையும் உள்ளே இருக்கிறது. அந்தப் பூசையால் உமக்கு எதுவும் ஆகும் என்று நான் நம்பவில்லை. நீர் நம்பினீர். உம் மனைவி இங்கே இருந்திருந்தால் வைத்திருப்பார்.

கையெழுத்துப் போட்டால், ஒரு பதிதன் திரும்பி வந்தான் என்று உங்கள் கோவிலில் சொல்லுவார்கள். அன்றைக்கே சந்தேகப்பட்டோம் என்று எங்கள் கோவிலில் சொல்லுவார்கள். இரண்டு பேருக்கும் அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. பூசைக்கு உம்முடைய பெயர் போதும். அதை ஒரு துண்டில் எழுதிக் காணிக்கையோடு வைத்திருக்கிறேன். என் பெயரை எங்கும் எழுதவில்லை. வாசிக்கிற சாமியார் நான் யாரென்று ஊகிப்பார்; ஊகிக்கட்டும், பெயரில்லாத மடலைக் காட்டி ஒன்றும் சாதிக்க முடியாது. காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் இதை அப்படியே தபாலில் போட்டுவிடுவேன்.