முதலாளியின் இடது தோள்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நலமாக இருக்க வேண்டும். நலம் என்று ஒப்புக்கு எழுதவில்லை, தையல் பிரித்தாயிற்று, விலாவில் தொங்கிய குழாயையும் எடுத்தாயிற்று, இதை வலது கையால்தான் எழுதுகிறேன். கோபத்தைக் கட்டிக்கொண்டு அழாதீங்கம்மா, உடம்புக்கு ஆகாது, முதலாளியை மன்னிச்சு விட்டுடுங்க என்று போனில் சொன்னாய். மாத்திரையைவிட அந்தக் கோபம்தான் எனக்கு வேலை செய்தது, அது எப்படி என்று போனில் சொல்ல முடியாது, அப்பா குறுக்கே பேசுவார், அதனால் எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள், நான் மிஷினில் உட்கார்ந்தேன். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், அதனால் முன்பக்கம் திறக்கிற சட்டையாக நாலைந்து தைத்தேன், ரத்தநீர் வடிகிற குழாய்க்கு ஒரு பாட்டில் உண்டு, அது தொங்காமல் இருக்க உள்பக்கம் பை வைத்தேன். நர்ஸ் பார்த்துவிட்டு வார்டுக்கே பத்து வேண்டும் என்றாள். வலது மார்பையும் கக்கத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். முதல் தடவை கட்டைப் பிரித்தபோது நான் பார்த்துவிட்டேன், உன் அப்பாதான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தானே வந்து பார்த்தார், பாவம். அன்றைக்கு இரண்டு பேரும் நன்றாக அழுதோம்.

அந்த வாரம்தான் முதலாளி ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். இருபது வருஷம் அவன் தையல் கடையில் பெண்களுக்கு அளவெடுத்து வெட்டியவள் நான். எப்போது வேலைக்கு வரலாம் என்று கேட்டேன். நரம்பில்லாத நாக்கு, அப்பா முன்னாலேயே சொன்னான், ஒரு பக்கம் குறைஞ்சவங்க வந்து அளவெடுத்தா கஸ்டமர் முகம் சுளிப்பாங்கம்மா, வேற ஆள் போட்டுட்டேன், நீங்க நிம்மதியா ஓய்வெடுங்க என்று. குறைஞ்சவளாம். அவன் படியிறங்குமுன் ஆப்பிளைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டேன், வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பயிற்சி ஆரம்பமானது. சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்புபோல் மேலே ஏற்ற வேண்டும், கக்கத்துக்குள் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் வலிக்கும், இடுப்பளவு ஏறியதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது ஆகாது என்று உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் யோசித்து, அப்பாவைக் கடைக்கு அனுப்பினேன். சட்டைத்துணி பார்ப்பதுபோல் முதலாளி பக்கத்தில் நின்றுவிட்டு வந்து, அவன் கன்னம் என் தாடைக்கு நேரா வருது என்றார். அவரைச் சுவரோடு நிறுத்தி அந்த உயரத்தில் தையல் சாக்பீஸால் கோடு போட்டேன். கை அந்தக் கோட்டைத் தொடும் நாளில் பளாரென்று ஒன்று, அவ்வளவுதான் என் வேண்டுதல். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பாய் நீ. எனக்குப் பூமி வேண்டாம், ஒரு கன்னம் போதும்.

கோட்டைத் தொட்ட வாரமே அவன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. எனக்கு உள்ளே பஞ்சு வைத்து ஒரு சட்டை தைத்துக்கொண்டேன், எந்தப் பக்கம் எடுத்தது என்று பெற்றவளுக்கே தெரியாது. மண்டபத்தில் முதலாளி கோட் போட்டு நின்றான், புது ஆள் வெட்டியது. மேடையில் போட்டோக்காரர் சார் நேரா நில்லுங்க, சார் நேரா நில்லுங்க என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், அவன் நேராகத்தான் நிற்கிறான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனுக்கு இடது தோள் இறக்கம், பிறவியிலேயே. பெண்கள் துணிதான் என் வேலை என்றாலும் அவன் சட்டையும் கோட்டும் வெட்டியது நான்தானே, சொன்னால் மனசு கஷ்டப்படுவான் என்று அந்தப் பக்கம் மட்டும் ரகசியமாகப் பஞ்சு வைத்து நேராக்கிக்கொண்டிருந்தேன். புது ஆள் ஒரு பக்கத்தை அளந்து, துணியை மடித்து, இரண்டையும் ஒன்றாக வெட்டிவிட்டான்.

மேடை ஏறினேன். வலது கையைத் தூக்கினேன், கன்னத்து உயரத்துக்கு. அவனுக்கு விளங்கிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டான். நான் கையை இடது தோளில் வைத்து அழுத்தினேன், துணி பொசுக்கென்று உள்ளே போனது. அவன் காதோடு சொன்னேன், முதலாளி, உங்களுக்கு இந்தப் பக்கம் குறை, இத்தனை வருஷம் பஞ்சு வச்சு நான்தான் மறைச்சேன், ஒரு ஈ காக்காய்க்குச் சொன்னதில்ல, குறைஞ்சவங்க நின்னா கஸ்டமர் முகம் சுளிப்பாங்களே, நாளையிலிருந்து கடையில யார் நிப்பாங்க என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், போட்டோவில் இரண்டு பேரும் இருக்கிறோம், அனுப்புகிறேன்.

மறுநாளே கோட்டும் கையுமாக வீட்டுக்கு வந்துவிட்டான், வேலைக்கு வாங்கம்மா என்று. ஆஸ்பத்திரியில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கடையில் எல்லார் முன்னாலும் ஒருதரம் சொல்லுங்க, அப்புறம் வர்றேன் என்றேன். யோசிக்கிறானாம். நன்றாக யோசிக்கட்டும், கோட் நம் முன்னறையில் தொங்குகிறது, பஞ்சு என்னிடம் இருக்கிறது. அப்பா போதும் விடு என்கிறார், அவர் எப்போதும் அப்படித்தான்.

நீ வேளைக்குச் சாப்பிடு, காதைக் குத்துகிற குளிர்காற்றில் குழந்தைக்குத் தொப்பி போடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். என் ஆயுசில் மிச்சமிருப்பதில் பாதி உனக்கு, நன்றாக இரு. ஒரே ஒரு விஷயம், எனக்கு வந்தது உனக்கும் வரலாம், டாக்டரிடம் போய் மார்பைக் காட்டு என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன், வேலை வேலை என்று தட்டிக்கழிக்கிறாய். சுவரில் அந்தக் கோட்டை நான் இன்னும் அழிக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று போட இடமிருக்கிறது, உன் கன்னத்தின் உயரம் எனக்கு அளக்காமலே தெரியும்.

இப்படிக்கு,
கை தூக்க முடிகிற
உன் அம்மா