நியூட்ரலில் இருந்த வண்டி

எத்தனை சோப்புப் போட்டாலும் விரல்களில் கிரீஸ் வாசனை போகாத என் அப்பாவுக்கு,

மூன்று நாளாக எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் தட்டச்சு செய்தால் ஒரே வரியை இரண்டு தடவை அடித்துவிடுகிறேன். "உடம்பு சரியில்லன்னா வூட்டுக்குப் போம்மா செலின்" என்று மேனேஜரே சொல்லிவிட்டார். உங்களிடம் சொல்லி முடித்தால்தான் மனசு அடங்கும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நம் வில்லியனூர் கடைத்தெருவில் பழைய கார்க் கண்காட்சி. பாண்டியிலிருந்து பணக்காரர்கள் ஓட்டிவந்து, தேரடி தொடங்கி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எனக்கு நாற்காலி போடுகிற பொறுப்பு. பூசை முடிந்த கையோடு போனேன். அங்கே நம் டாக்டர் ஐயா வீட்டுக் கறுப்பு வண்டி நின்றது அப்பா. புதுப் பெயிண்டில் பளபளவென்று மின்னியது. ஆனால் டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கியர் கம்பியின் நுனியில் நீங்கள் கடைந்து போட்ட பூவரச மரக் குமிழ் அப்படியே இருந்தது.

அதை நிறுத்தியிருந்த இடம் வேறு எப்படி வாய்த்தது பாருங்கள்! சவரிமுத்து மாமாவின் சைக்கிள் கடைக்கு நேர் எதிரே.

நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறேன் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. எனக்கு அப்போது பதினேழு வயது. நீங்கள் டாக்டர் ஐயாவின் டிரைவர், மாமா அந்த வீட்டு கேட் காவல்காரர். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்கள். ஒருநாள் காலை பேட்டரி இறங்கிப்போய், மாமா வண்டிக்கு முன்னால் நின்று, இன்ஜினைக் கிளப்பக் கைப்பிடி போட்டுச் சுற்றப் போனார். நீங்கள் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கம்பியை ஆட்டிக் காட்டி, "நியூட்ரல்லதான் இருக்கு, சுத்துடா" என்றீர்கள். அவர் சுற்றினார். வண்டி பாய்ந்தது. கேட் தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் அவர் வலது கால் நசுங்கிப் போனது.

கியரில் விட்டுவிட்டு அருளப்பன் பொய் சொல்கிறான் என்றது ஊர். "கம்பி நியூட்ரல்ல இருந்துச்சு, உள்ள கியர் பல்லு வுடல" என்று நீங்கள் சொன்னதை யார் கேட்டார்கள்? கட்டிலில் கிடந்தபடியே மாமா ஆள் அனுப்பினார். மாதா கோயில் குளத்துத் தண்ணீரைத் தொட்டுச் சத்தியம் செய்தால் நம்புகிறாராம். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். "மிசினுக்கு ஆன கோளாறுக்கெல்லாம் மாதாவ சாட்சிக்குக் கூப்புடுவாங்களா?" என்று ஒரே பேச்சு. சத்தியத்துக்குப் பயந்தவன் குற்றவாளி என்று அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மாமா நம் வாசலை மிதிக்கவில்லை, மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் அடக்கத்துக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மத்தியானம் வண்டிகள் கிளம்புகிற நேரம். கறுப்பு வண்டி மட்டும் கிளம்பவில்லை. அதன் இப்போதைய சொந்தக்காரர் வெள்ளைச் சட்டைக்காரர், ரொம்பச் சாது. டிரைவர் கைப்பிடியை எடுத்து முன்னால் மாட்டினார். அவர் முழங்கால் பம்பரை உரசிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கம்பியை ஆட்டினார். "நியூட்ரல்தான், சுத்துப்பா" என்றார்.

அப்பா, நான் உடனே கத்தவில்லை. இதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். கத்திவிட்டு, சோதித்துப் பார்த்து, வண்டியில் கோளாறு எதுவும் இல்லை என்று ஆகிவிட்டால்? நீங்கள் பொய்யர் என்று இன்னொரு தடவை, அதுவும் என் வாயாலேயே, ஊர் நடுவில் முடிவாகிவிடுமே! ஒரு மனிதரின் காலுக்கும் உங்கள் பேருக்கும் நடுவில் நின்றேன். டிரைவர் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார்.

"சுத்தாதீங்க! தள்ளி வாங்க!" என்று எப்படித்தான் கத்தினேனோ தெரியவில்லை. தெருவே திரும்பியது.

"இன்னாம்மா, நியூட்ரல்லதான கெடக்கு" என்றார் டிரைவர்.

"நியூட்ரல்லன்னா உருளணும் இல்ல? கைபிரேக்க எடுத்துட்டு நாலு பேரு தள்ளுங்க, பாப்போம்."

பின்னாலிருந்து ஒரு குரல். "அருளப்பன் பொண்ணுக்குக் கார பத்தி இன்னா தெரியும்?" சவரிமுத்து மாமா. கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு கடை வாசலில் நின்றிருந்தார். பதினெட்டு வருஷத்தில் என்னைக் குறித்து அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கைபிரேக்கை எடுத்தார்கள். நான்கு பேர் பின்னால் போய்க் கைவைத்தார்கள். எனக்குச் சக்கரத்தைப் பார்க்கத் தைரியமில்லை. உருண்டுவிடாதே, உருண்டுவிடாதே என்று ஒரு வண்டியைக் கெஞ்சிக்கொண்டு நின்றேன். ஊன்றித் தள்ளினார்கள். ஒருவருக்குச் செருப்பு அறுந்தது. வண்டி முனகியதே தவிர அசையவில்லை.

சொந்தக்காரர் முகம் வெளுத்துவிட்டது. கம்பியை மறுபடி ஆட்டிப் பார்த்தார். பிடிமானமே இல்லாமல் தொளதொளவென்று ஆடியது. "கம்பி நியூட்ரலுக்கு வந்துடுச்சு, உள்ள கியர் வுடல சார்" என்று டிரைவர் சொன்னார். நீங்கள் சொன்னதேதான் அப்பா. அந்த ஆளைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது.

மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஜன்னலுக்குள் கையை விட்டு அவரே ஆட்டிப் பார்த்தார். பிறகு பின்னால் போய், கட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, தோளை முட்டுக்கொடுத்துத் தள்ளினார். அசையாத வண்டியை எவ்வளவு நேரம்தான் தள்ளுவார்? நான் போய்க் கையைப் பிடித்த பிறகுதான் விட்டார். மூச்சு வாங்கியது.

அழுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"அன்னிக்கே தள்ளிப் பாத்திருக்கலாம்டி. வண்டி அங்கியேதான நின்னுது? நாலு பேரு போதும். அத்த வுட்டுட்டு, சத்தியம் பண்ணுடான்னு கேட்டுக்கினு கெடந்தோம், மொத்த ஊரும்."

அந்த மொத்த ஊரில் நானும் ஒருத்தி. "ஒரு சத்தியம்தானப்பா, பண்ணிட்டா போவுது" என்று சோறு போட்டுக்கொண்டே சொன்னேனே, நினைவிருக்கிறதா? நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். பிறகு சாப்பிட்டு எழுந்து கை கழுவினீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீங்கள் எடுக்கவில்லை. நான் உங்களை நம்பவில்லை என்பது அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா அப்பா? தெரிந்துகொண்டேதானா என் கல்யாணத்துக்கு அப்படி ஓடியாடி நின்றீர்கள்?

வண்டியைக் கயிறு கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாமா பக்கத்தில் வந்து நின்றார். பிறகு தரையைப் பார்த்தபடி கேட்டார்:

"அருள எந்த வரிசைல வச்சிருக்கீங்க?"

தெரியாதுதானே அவருக்கு. மூன்றாவது வரிசை, சுவரோரம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

கல்லறைத் திருநாளுக்கு அவரை நான் கூட்டிக்கொண்டு வருவேன். அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள், நடுவில் நான் வரமாட்டேன். ஆனால் அதற்கு முந்தின நாளே நான் தனியாக வந்துவிடுகிறேன் அப்பா. மன்னிப்புக் கேட்கிற வரிசையில் சவரிமுத்து மாமாவுக்கு முன்னால் நிற்க வேண்டியவள் நான்.

உங்களை நம்பாமல் உங்கள் சோற்றைச் சாப்பிட்ட மூத்த மகள்,
செலின்