ஆட்டுக்கும் நானே, புலிக்கும் நானே

ஜனவரி 7, புதன்
சித்தூரில் ஒரே பனி. எட்டு மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை. துணி காயாது.

ஆபீசில் குடியரசு தினப் போட்டிப் பட்டியல் வந்தது. கேரம், செஸ், த்ரோபால். புதுசாக ஆடுபுலி ஆட்டம். 24ஆம் தேதி திருப்பதியில். பதினேழு வருஷமாக ஜெயித்தவர்கள் பேரை சர்டிபிகேட்டில் எழுதுகிறவள் நான். கையெழுத்து அழகாம். ஒரு தடவையாவது என் பேரும் வரட்டுமே. கொடுத்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் வாயை அடக்கியிருக்கலாம். "ஆடு வெச்சே ஜெயிப்பேன்" என்றேன். அக்கவுண்ட்ஸ் ரமணா சார் சிரித்தார். "எப்புடைனா மேக கெலிச்சிந்தா மேடம்?" எந்தக் காலத்தில் ஆடு ஜெயித்தது என்கிறார். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஐந்து ஆட்டைத் தாண்டி வெட்டினால் புலிக்கு ஜெயம். மூன்று புலியையும் அசையவிடாமல் கட்டினால் ஆட்டுக்கு. எல்லாருக்கும் புலிதான் வேண்டும். எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆடு. ரோஷம் வந்துவிட்டது.

வாங்க: உளுந்து, ஸ்கெட்ச் பேனா, இவருக்கு பி.பி. மாத்திரை.

ஜனவரி 9, வெள்ளி
போன வருஷக் காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டாச்சு. ஆடு: புளியங்கொட்டை. புலி: மூன்று பாட்டில் மூடி. எதிரில் உட்கார ஆள் இல்லை. மகள் திருப்பதி ஹாஸ்டலில். இவருக்குப் பொறுமை கிடையாது. நானே ரெண்டு பக்கமும். புலிக்கு நாற்காலி, ஆட்டுக்குக் கட்டில். ஒவ்வொரு காய்க்கும் எழுந்து இடம் மாறுகிறேன். இல்லாவிட்டால் புலி என்ன நினைக்கிறது என்று ஆட்டுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

3 ஆட்டம். பு 3, ஆ 0.

ரெண்டாவதில் புலிக்கு ஒரு வெட்டு இருந்தது. பார்க்காத மாதிரி வேறு நகர்த்தினேன். யாரை ஏமாற்றுகிறேன்? வெட்கமாகிவிட்டது. திரும்ப வைத்து ஒழுங்காக வெட்டினேன். செத்தது என் ஆடுதான்.

இவர் மாம்பழக்கூழ் பல்ப் யூனிட்டில் வேலை முடிந்து வந்து வாசலிலேயே நின்றார். "இன்னாமே, தனியா எழுந்து எழுந்து குந்திக்கினு கீற? ஒடம்பு நல்லா தான கீது?"

ஜனவரி 12, திங்கள்
ஜெயித்துவிட்டது! ஒன்பதாவது ஆட்டத்தில். மூன்று புலியும் கட்டு. ஒரே ஒரு ஆடுதான் போனது. வழி இதுதான்: ஆபத்து வந்தால் வைத்த ஆட்டை உடனே பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தி ஒளித்துவிடுவது. சத்தம் போட்டிருப்பேன் போல. மேல்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்கள்.

சாம்பார் அடிப்பிடித்தது. பரவாயில்லை.

ஜனவரி 15, வியாழன்
பொங்கல். மகள் வந்திருக்கிறாள். பானை பொங்கும்போது எல்லாரும் கூவினோம். நான் மனசுக்குள் ஆட்டக் கட்டத்தின் இடது மூலையில் இருந்தேன். இதுவரை 21 ஆட்டம். கடைசி ஏழில் ஆ 5.

ஜனவரி 20, செவ்வாய்
தலையில் இடி.

மத்தியானம் அட்டெண்டர் சுப்பையாவிடம் பெருமையாகப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "அன்னி மேகலு பெட்டகமுந்தே கதுபுதாரா மேடம்?" பதினைந்து ஆட்டையும் வைத்து முடிக்கும் முன்பே எப்படி நகர்த்துவீர்கள் என்று. சர்க்குலரை எடுத்துப் பார்த்தேன். நாலாவது விதி, தெலுங்கில், தெளிவாக. எல்லா ஆடும் இறங்கும்வரை ஒன்றையும் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு விதியே இல்லை. நான் பிறந்த பிச்சாட்டூரில் எங்கள் தெருவில் எல்லாரும் நகர்த்துவோம். அந்த சர்க்குலரைப் பைல் பண்ணியதும் நான்தான். படித்தேனா?

எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். அழுகை வந்தது. பாத்ரூமில் அழுதேன்.

நாலு நாள்.

ஜனவரி 22, வியாழன்
லீவு போட்டேன். காரணம்: தலைவலி. பொய்யில்லை.

காலையிலிருந்து 11 ஆட்டம். முதல் எட்டும் புலி தின்றுவிட்டது. அப்புறம் தெரிந்தது. முதலில் மூலைகள். பிறகு அடிவரிசை. எந்த ஆட்டுக்கும் முதுகுப்பக்கம் காலியாக இருக்கக்கூடாது. தாண்டி இறங்க இடம் இல்லாவிட்டால் புலி என்ன செய்யும்? கடைசி மூன்றும் ஆடு. மூன்றும்!

இவர்: "பாவம், ரொம்ப டயர்டா கீற. மூடி வெச்சிட்டு எழுந்திரு." ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. விசாரித்தால் அவருக்கு தோசை வேண்டும்.

ஜனவரி 24, சனி. திருப்பதி பஸ் ஸ்டாண்ட்
மணி நாலரை. வெயில். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

யாருக்கு எது என்று சீட்டு எடுக்கச் சொன்னார்கள். முதல் சுற்று, எனக்குப் புலி. ரெண்டாவது, புலி. ரெண்டும் சுலபமாக ஜெயித்தேன். எதிராளிகள் முதுகைக் காலியாக விட்டார்கள். பைனல். சீட்டைப் பிரித்தால் திரும்பவும் புலி.

எதிரில் திருப்பதி ஆபீஸ் சுஜாதா மேடம். என் வயசுதான் இருக்கும். முதல் ஆட்டை மூலையில் வைத்தார்கள். ரெண்டாவதும் மூலை. அப்புறம் அடிவரிசை. எனக்குப் புல்லரித்தது. அது என் ஆட்டம். எட்டு ஆட்டம் தோற்று நான் கண்டுபிடித்தது.

விட்டுக்கொடுக்கவில்லை. தெரிந்த எல்லாப் பொறியும் வைத்தேன். ரெண்டு ஆடுதான் கிடைத்தது. ஒரு புலி கட்டு. ரெண்டாவது கட்டு. மூன்றாவதுக்குப் போக இடம் தேடித் தேடி, இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி, எங்கள் ஆபீசிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த ரமணா சாரிடம், "மேக கெலிச்சிந்தி சார்" என்றேன். "மீரு ஓடிப்போயாரு கதா மேடம்" என்றார், தோற்றது நீங்களாயிற்றே என்று. ஆமாம். தோற்றேன். ஆனால் ஆடு ஜெயித்தது.

ரெண்டாம் பரிசு ஒரு ஹாட்பாக்ஸ்.

என்னை ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்கு சுஜாதா மேடமும் வந்தார்கள். "மீரு எவரிதோ ப்ராக்டிஸ் சேஸ்தாரு?" யாரோடு ஆடிப் பழகுவீர்கள் என்று கேட்டார்கள். எப்படிச் சொல்வது? "நாதோனே" என்றேன். என்னோடுதான். "நேனு கூடா" என்றார்கள். அவர்களும் தனியாகத்தான். அவர்கள் வீட்டில் ஆட்டுக்கு ஊஞ்சல், புலிக்கு ஸ்டூல்.

சித்தூர் பஸ் போய்விட்டது. நான் ஏறவில்லை, அவர்கள் ஏற்றிவிடவுமில்லை. ஹாட்பாக்ஸ் அட்டையைக் கிழித்துக் கோடு போட்டாச்சு. காய்க்கு வேர்க்கடலை வாங்கியாச்சு. அரை மணியாக உட்கார்ந்திருக்கிறோம், இன்னும் ஒரு காய்கூட வைக்கவில்லை. ரெண்டு பேருக்கும் ஆடுதான் வேண்டுமாம்.