மதினியின் இங்கிலீசும் நம் ஊர் ஓடையும்

என் பிரியமுள்ள மதினி,

உங்கள் காரியத்துக்கு வந்திருந்த பெண்கள் அழுது ஓய்ந்ததும் உங்கள் கதையைத்தான் பேசினார்கள். கலெக்டரையே நீங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போனீர்களாம்! வந்தவர் கலெக்டரும் இல்லை, நீங்கள் கையைப் பிடிக்கவும் இல்லை. பக்கத்தில் நின்றவள் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்த நீங்கள் இல்லையே, என்ன செய்ய?

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீங்கள் வந்தபோது நான் எட்டாம் வகுப்பு முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மேலே படிக்கத் திருச்சுழிக்குப் போக வேண்டும். பஸ் போகிற மெயின் ரோட்டுக்கும் நம் ஊருக்கும் நடுவே ஓடை. மழைக்காலத்தில் தண்ணீர் ஓடினால் கண்மாய்க்கரையைச் சுற்றித்தான் போகணும். "பொட்டப்புள்ள அம்புட்டுத் தூரம் தெனம் நடக்கவா?" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார்.

நீங்கள் அருப்புக்கோட்டையில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். சேலைகளோடு ஓர் இங்கிலீசு இலக்கணப் புத்தகத்தையும் பெட்டியில் கொண்டுவந்தீர்கள். இடத்தையும் தூரத்தையும் சொல்லும் மரபுத்தொடர்கள்தான் நம் இருவருக்கும் பிடித்த பாடம். 'ஸ்டோன்ஸ் த்ரோ' என்றால் கல்லெறி தூரம், ரொம்பப் பக்கம் என்று படித்த அன்று, நம் மளிகைக் கடை வாசலில் நின்று எறிந்தே பார்த்தோம். உங்கள் கல் தலையாரி வீட்டுக் கூரையில் போய் விழுந்தது. "சரியாத்தான் எழுதியிருக்கான் சந்திரா, தலையாரி வீடு பக்கந்தான்" என்றீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

'இன் தி மிடில் ஆஃப் நோவேர்' மட்டும் உங்களுக்கு ஆகவே ஆகாது. எங்கோ கிடக்கும் அத்துவானக் காட்டை அப்படிச் சொல்வார்களாம். "குடியிருக்கிறவுகள இல்லேன்னு சொல்ற பேச்சுல்ல இது?" என்று கோபப்படுவீர்கள்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு மத்தியானம், பரளச்சிப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்து நம் கடை முன்னால் நின்றது. ரோடுகளைப் பார்வையிட வந்த வடக்கத்தி அதிகாரி, தமிழ் தெரியாது. கூட ஒரு குமாஸ்தா. அதிகாரி சோடாவைக் குடித்துவிட்டுச் சுற்றிலும் கிடந்த கரிசல் சகதியைப் பார்த்து, அதே தொடரைச் சொன்னார்.

பருப்பு அளந்துகொண்டிருந்த நீங்கள் படியைக் கீழே வைத்தீர்கள். "நோ சார்" என்று தொடங்கி, இங்கே ஜனங்கள் இருக்கிறார்கள், பள்ளிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பஸ்தான் இல்லை என்று இங்கிலீசிலேயே சொன்னீர்கள்.

"ஏத்தா, உள்ள போ" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

குமாஸ்தா வரைபடத்தை விரித்து, பஸ் ரோடு கல்லெறி தூரம்தான் என்று விரலால் காட்டினார். நீங்கள் விடவில்லை. "ஆஸ் தி க்ரோ ஃப்ளைஸ், சார். வி ஆர் நாட் க்ரோஸ்." காக்கை நேராகப் பறந்தால் பக்கம்தான், நாங்கள் காக்கை இல்லையே!

அதிகாரி உங்களை உற்றுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, "ஷோ மீ" என்று எழுந்தார். நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அப்பா, துண்டை உதறித் தோளில் போட்டு, "இருங்க, நானும் வாரேன்" என்று பின்னாலேயே ஓடிவந்தார்.

ஓடையில் கலங்கல் தண்ணீர் சுழித்துப் போனது. அக்கரையில் பஸ் ரோடு கண்ணுக்குத் தெரிந்தது. இக்கரையில் வேலமரத்தடியில் காய்ச்சலில் கிடந்தாள் நம் ஊர் மாடத்தி. தண்ணீர் வடியட்டும் என்று காலையிலிருந்து அவளோடு காத்திருந்தான் அவள் புருஷன். நீங்கள் அவளைக் கைகாட்டினீர்கள், அவ்வளவுதான். அதற்கு இங்கிலீசு தேவைப்படவில்லை.

அதிகாரி ஜீப்பை அங்கே வரவழைத்து அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். கண்மாய்க்கரை சுற்றி, சேற்றில் இரண்டு இடத்தில் சிக்கி, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். பக்கம் எது, தூரம் எது என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்கும். மாடத்தி பிழைத்து வந்தாள். வண்டியில் இடமில்லாமல் நின்றுபோன குமாஸ்தா நம் வீட்டில்தான் சாப்பிட்டார். ரசம் இரண்டு தரம் கேட்டார்.

அந்த அதிகாரி எழுதிப் போட்டதில், அடுத்த கோடையில் ஓடைக்குக் குறுக்கே தரைப்பாலமாக ஒரு தாம்போதி கட்டினார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னே பஸ் ஊருக்குள் வந்தது! ஹாரன் சத்தத்துக்கு ஊரே ஓடியது. அப்பாதான் மாலை போட்டார். "மொத டிக்கெட்டு யாருக்குங்கய்யா?" என்று கண்டக்டர் கேட்டதும், "எம் மருமகளுக்கு. இது அவுக கூட்டியாந்த பஸ்ஸு" என்றார். அதுவரை உங்களை அவர் 'அவுக' என்று சொல்லிக் கேட்டதில்லை. நீங்கள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அழுதீர்களா மதினி? நான் கேட்கவே இல்லை.

அந்தப் பஸ்ஸில் போய்ப் படித்த நான் இன்று திருச்சுழியில் டீச்சர். காலைப் பஸ்ஸில் நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் நிற்க இடமில்லாமல் நிறைந்து வருகிறார்கள். பார்க்கப் பார்க்க நெஞ்சு நிமிர்கிறது.

உங்கள் மகள் செல்விக்கு மதுரைக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. அண்ணன்தான், தாயில்லாப் பிள்ளையை எப்படித் தனியே விட என்று இழுத்தான். அப்பா படுக்கையிலிருந்தே அதட்டினார்: "ஏலே, அவ ஆத்தா இருந்தா உங்கிட்ட கேட்டுக்கிட்டா நிப்பா? அனுப்புலே!" அண்ணன் எழுந்து பரணிலிருந்து உங்கள் பெட்டியை இறக்கினான்.

நாளைக் காலையில் நானே அவளைக் கூட்டிப் போகிறேன். எதுவரை படிக்க ஆசைப்படுகிறாளோ அதுவரை படிக்க வைப்பேன், மதினி. இது என் வாக்கு.

என்றும் உங்கள் நாத்தனார்,
சந்திரா