சட்டைக் கையில் ஓடும் தையல்

நேற்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்து, கொடியில் கிடந்த உடுப்பெல்லாம் நனைந்துபோனது. மாற்றிக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று அலுமாரியின் அடித்தட்டைத் துழாவினேன். உங்கள் நீலக் கோடு போட்ட சட்டை கையில் வந்தது. இடது கையில், மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும், நான் போட்ட தையல் கோணலாக ஓடுகிறது. ஆஸ்பத்திரியில் நேர்ஸ் கத்தரித்த இடம். அதை மடியில் வைத்துக்கொண்டு, ஈரச் சேலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக்கூடை தூக்கியவள் நான். எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

யுத்தக் காலம் அது. உங்கள் முதலாளி ஜப்பானில் ஓடிய கார் ஒன்றை வாங்கி உங்கள் கையில் கொடுத்திருந்தார். புசல்லாவையில் நம் வாசலில் அதை நிறுத்தி, ஸ்டியரிங்கின் நடுவைத் தட்டிக் காட்டினீர்கள்.

“இதுக்குள்ள பலூன் இருக்குதாம் புள்ள. கார் மோதினா வெளிய வந்து நம்மள கட்டிப் புடிச்சிக்குமாம்.”

“அப்ப நான் எதுக்கு?”

“நீ சோறாக்கத்தான்.”

கண்டிக்குப் போகும் வழியெல்லாம் சோதனைச் சாவடி. அதற்கு முந்தின வருசம்தான் ஒரு சாவடியில் என் அண்ணன் அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டு, ஆயுதம் எடுப்பதாக நினைத்த ஆமிக்காரரிடம் துவக்குப் பிடியால் அடி வாங்கியிருந்தார். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். “இந்தாங்க, சாவடி வாறதுக்கு முந்தியே அட்டைய இடது கையில எடுத்துக்குங்க. அந்தக் கைய ஸ்டியரிங் மேல குறுக்க வைங்க. அவங்களுக்குக் கையும் தெரியணும், அட்டையும் தெரியணும்” என்று தினமும் சொல்லி அனுப்பினேன். நீங்களும் அப்படியே செய்தீர்கள். மற்ற டிரைவர்மார்கூட அதைப் பார்த்துப் பழகினார்கள்.

அன்றைக்கும் மழை. சாவடி கிட்ட வரும்போது கார் வழுக்கி, மண் நிரப்பி வைத்திருந்த பீப்பாயில் மோதியது. படீர் என்று சத்தம், வெள்ளைப் புகை, பட்டாசு மணம். குண்டு என்று நினைத்து ஆமிக்காரர்கள் தரையில் விழுந்து துவக்கை நீட்டினார்களாம். நீங்கள் முகமெல்லாம் வெள்ளைத் தூளோடு, இடது கை தொங்க, காரிலிருந்து இறங்கினீர்களாம்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது கட்டிலடியில் ஒரு பொலிஸ்காரர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். காருக்குள்ளே நீங்கள் எதையோ கையில் வைத்திருந்து, அது வெடித்திருக்கிறது என்பதுதான் அவர்கள் பேச்சு. அந்தக் காலத்தில் அப்படிக் கூட்டிக்கொண்டு போன ஆட்கள் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஒருவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முன்கையில் இரண்டு எலும்பும் நடுவில் முறிந்திருந்தது.

“அந்தக் காத்துப் பை முழுக்க ஊதின பிறகுதான் அது தலையணை. ஸ்டியரிங் மூடியக் கிழிச்சுக்கொண்டு வெளியில வாற அந்த நேரம் அது சம்மட்டி. இவற்ற கை சரியா அந்த மூடிக்கு மேல கிடந்திருக்குது. கை ஓரத்தில இருந்திருந்தா இப்பிடி முறிஞ்சிராது. குண்டப் பிடிச்சிருந்தா முதல்ல விரல்தான் போயிருக்கும். பாருங்கோ, விரலில ஒரு கீறல் இல்லை.”

பொலிஸ்காரர் என்னைப் பார்த்து, “டொக்டரும் உங்க ஆள்தானே, அப்பிடித்தான் சொல்லும்” என்றார்.

நான் உங்கள் முகத்தை ஈரத்துணியால் துடைத்தேன். தூள் போகப் போக, நெற்றியில் வட்டமாக ஒரு கன்றல் தெரிந்தது. பக்கத்தில் சாவி கொடுக்கும் திருகியின் அச்சு. நம் கல்யாணத்துக்கு என் அப்பா உங்கள் இடது கையில் போட்ட கைக்கடிகாரம். “டொக்டர், இங்க பாருங்க” என்றேன். அவர் கழற்றி வைத்திருந்த கடிகாரத்தை எடுத்து நெற்றியில் வைத்தார். அப்படியே பொருந்தியது.

“ஓம். பை கைய எத்தி இவற்ற முகத்திலயே அடிச்சிருக்குது. அந்த வீச்சில அட்டையும் பறந்திருக்கும். காருக்குள்ள பின்பக்கம் தேடச் சொல்லுங்கோ.”

அட்டை பின் சீட்டுக்கு அடியில் கிடந்தது. மூன்றாம் நாள் கதிரை காலியானது.

ஆனால் அன்றைக்கு வெளியே போகுமுன் டொக்டர் உங்களிடம் ஒன்று கேட்டார். “ஏன் கைய அதில வச்சிருந்தனீங்கள்?” நீங்கள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். அப்புறம், “பழக்கம் டொக்டர்” என்றீர்கள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை வருசம் ஒன்றாக இருந்தோம். அந்தக் கை நேராகவே இல்லை. கியர் மாற்றும்போது உதட்டைக் கடிப்பீர்கள். மழைக்கு முன்னாடி எலும்பு குத்தும். “மழை வருது புள்ள, உடுப்ப எடு” என்பீர்கள். நானும் ஓடிப்போய் எடுப்பேன். ‘நீ சொல்லித்தான் வைத்தேன்’ என்று கோபத்தில்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். யுத்தமும் முடிந்தது. நீங்கள் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழும்பவில்லை. அதனால்தான் நேற்றும் என் உடுப்பு நனைந்தது.

போன மாதம் பேராதனைக்கு மகள் வீட்டுக்குப் போனேன். மருமகன் கார் ஓட்டினார். போன் பேசிக்கொண்டே கையை ஸ்டியரிங்கின் நடுவில் குறுக்கே போட்டார். நான் எட்டி அவர் கையைப் பிடித்து ஓரத்துக்கு நகர்த்தினேன்.

“என்னங்க அத்த, பயந்துட்டீங்களா? இப்பதான் சாவடி, செக்கிங் எல்லாம் இல்லியே.”

“கைய நடுவுல வைக்காதீங்க தம்பி. வைக்கச் சொல்லி மாமாகிட்ட நான்தான் சொன்னேன்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்துவிட்டு ஓட்டினார். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். கேட்க நீங்கள் இல்லை. வழியில் கம்பளை வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.